மெஷின் விலையைப் பார்க்காதீங்க, ஸ்ட்ரிப் விலையைப் பாருங்க!

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர்கூட இல்லாத வீடு எங்கள் தெருவில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்குப்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறது. அதனால் வீட்டிலேயே சுகர் பார்க்கும் மெஷினும் மிக்ஸி, கிரைண்டர் மாதிரி சாதாரணமாகிவிட்டது. ஆனால், அதை வாங்கும் விதம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. புடவைக் கடையில் சாயம் போகுமா, பிளவுஸ் பிட் உண்டா, பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று பத்துக் கேள்வி கேட்கிற நாம், மருந்துக் கடையில் மட்டும் "எதுங்க விலை கம்மி?" என்ற ஒரே கேள்வியோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு சுகர். மாமியாருக்கு 68 வயது, மாத்திரையில் இருக்கிறார். என் மகளுக்கு 12 வயது. ஏழு வயதிலேயே வந்துவிட்டது. இது 'டைப் 1' என்கிற வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. "நீ சாக்லேட் வாங்கிக் கொடுத்துக் கொடுத்துத்தான் வந்தது" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்சுலின் ஊசிதான் இவர்களுக்குச் சாப்பாடு மாதிரி. ஒரு நாள்கூட நிறுத்த முடியாது.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். மெஷின் ஒரு தடவை வாங்குவது. ஸ்ட்ரிப் என்கிற சின்னப் பட்டைதான் ஒவ்வொரு தடவையும் செலவாவது. அந்தந்தக் கம்பெனி மெஷினுக்கு அந்தந்தக் கம்பெனி பட்டைதான் சேரும். அதிலும் மாடலுக்கு மாடல் வேறாக இருக்கும். என் மகளுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்க வேண்டும், மாதம் 120 பட்டை. ஒரு பட்டை 10 ரூபாய் என்றால் மாதம் 1,200 ரூபாய். அதே பட்டை 25 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். வருஷத்துக்கு 21,600 ரூபாய் வித்தியாசம்! இதைப் பார்க்காமல், மெஷினில் 300 ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்பட்டு என்ன பிரயோஜனம்? "மெஷின் இலவசம்" என்று யாராவது நீட்டினால், "பட்டை என்ன விலை?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, "இந்தப் பட்டை நம்ம ஊரில் எத்தனை கடையில் கிடைக்கும்?" எனக்கு முதலில் வந்த மெஷின் அருமையான மெஷின். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. பட்டைக்காக ஊரெல்லாம் அலைந்து பார்த்தோம், பலன் இல்லை. மெஷின் இன்றைக்கும் பீரோவில் பத்திரமாகத் தூங்குகிறது. அதனால் புதிதாக வந்திருக்கிறது, செல்போனோடு பேசும் என்கிற பெருமையைவிட, நாலு கடையில் பட்டை கிடைக்கிற பழைய மாடலே மேல். செல்போனில் ஏற்றாவிட்டால் என்ன, பால் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போச்சு.

சரியாகக் காட்டுமா என்பது அடுத்த கவலை. எந்த வீட்டு மெஷினும் லேப் மாதிரி கச்சிதமாகக் காட்டாது. 2013-ல் திருத்திய சர்வதேசத் தரம் (ஐ.எஸ்.ஓ. 15197) என்ன சொல்கிறது என்றால், நூறுக்கு 95 தடவையாவது மெஷின் காட்டுவது லேப் கணக்கிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் 15 புள்ளிக்குள் இருக்க வேண்டும். அதாவது உண்மையில் 200 இருக்கும்போது 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது நல்ல மெஷின்தான். நேற்று 182, இன்று 190 என்று பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். டப்பாவில் அந்தத் தரத்தின் பெயரும் வருஷமும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு ஒரு நாள் லேபுக்கு வெறும் வயிற்றில் போகும்போது மெஷினையும் எடுத்துப் போய், அங்கே ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் குத்திப் பார்த்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள். அப்போது விரல் ரத்தத்திலேயே சர்க்கரை கூடுதலாக இருக்கும், மெஷின் மேல் வீண்பழி வரும்.

இனி நான் முக்கியமாக எழுத நினைத்த விஷயம், கீட்டோன். இந்த வார்த்தையே நம்மில் பலருக்குத் தெரியாது. இன்சுலின் போதாதபோது உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்போது உண்டாவதுதான் கீட்டோன். அது அதிகமானால் ரத்தமே புளித்துப்போகிற மாதிரி. வாந்தி, வயிற்று வலி, ஆழமாக வாங்கும் மூச்சு, வாயில் பழ வாடை, அசதி என்று வரும். இதில் ஆபத்து என்னவென்றால், வாந்தியும் வயிற்று வலியும் நமக்கு அஜீரணமாகத்தான் படும். ஓமத் தண்ணி, இஞ்சிக் கஷாயம், "சாப்பிடலை, அதனால இன்சுலின் வேண்டாம்" என்று ஒரு ராத்திரியை ஓட்டிவிடுவோம். அந்த ஒரு ராத்திரி போதும், குழந்தை ஐ.சி.யூ.வுக்குப் போக. சாப்பிடாவிட்டாலும் டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது. அளவை டாக்டரைக் கேட்டு மாற்றலாம்.

அதனால் டைப் 1 உள்ள வீட்டில் சுகர் 250-க்கு மேல் போய் இறங்காமல் நின்றாலும், காய்ச்சல், வாந்தி வந்தாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். பார்க்க இரண்டு வழி. ஒன்று, சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை. விலை குறைவு. ஆனால் அது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். குழந்தை தேறி வரும்போதும் இன்னும் மோசம் என்று காட்டி நம்மை அழவைக்கும். மற்றது ரத்தத்தில் பார்ப்பது. அப்போதைய நிலையை அப்படியே சொல்லிவிடும். சுகரும் கீட்டோனும் ஒரே மெஷினில் பார்க்கும் வசதி இருக்கிறது. பட்டை மட்டும் வேறு வேறு. கீட்டோன் பட்டைதான் சுகர் பட்டையைவிடப் பல மடங்கு விலை.

இங்கேதான் நம் இல்லத்தரசி மூளை வேலை செய்ய வேண்டும். இரண்டையும் பார்க்கிற மெஷின் வாங்கினால், தினசரி சுகரையும் அதிலேதான் பார்க்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அதன் சுகர் பட்டை விலை அதிகமானால், தினமும் பார்க்கப் பட்டை மலிவான சாதா மெஷின் ஒன்று, கீட்டோனுக்கு மட்டும் இது ஒன்று. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கீட்டோன் வருஷத்தில் ஏழெட்டு தடவை பார்த்தால் அதிகம். அதனால் பட்டை ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே குப்பியில் வருவதாக இருந்தால், திறந்த பிறகு இத்தனை மாதம் என்று கெடு இருக்கும். இரண்டு பட்டை உபயோகித்து மீதியைக் குப்பையில் போட வேண்டி வரும். காலாவதி தேதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். இதற்கும் வசதி இல்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிறுநீர்ப் பட்டை ஒரு டப்பா வாங்கி வையுங்கள். ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. சுகர் 150, 200 என்று வரும். கீட்டோன் 0.4, 1.8 என்று புள்ளி வைத்து வரும். வீட்டில் பாட்டி தாத்தா மட்டும் இருக்கும்போது "ஒண்ணு புள்ளி எட்டுதானே, கம்மிதான்" என்று விட்டுவிடுவார்கள். நான் டப்பா மூடியிலேயே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 0.6-க்குக் கீழே பயமில்லை. 0.6 முதல் 1.5 வரை தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பார். 1.5-க்கு மேல் டாக்டருக்குப் போன். 3-க்கு மேல் உடனே ஆஸ்பத்திரி. வாந்தி நிற்காவிட்டால் எண்ணையே பார்க்காதே, ஆட்டோவைக் கூப்பிடு. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதை எழுதி ஒட்டுங்கள்.

அப்படியானால் சுகர் உள்ள எல்லோருக்கும் கீட்டோன் மெஷின் வேண்டுமா? வேண்டாம். என் மாமியார் மாதிரி சாதாரண மாத்திரையில் இருப்பவர்களுக்கு அது வீண் செலவு. உடம்பு இளைக்க 'கீட்டோ டயட்' இருக்கிறேன் என்று இதை வாங்குகிற இளசுகளைப் பற்றி நான் என்ன சொல்ல! ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்போது நிறையப் பேருக்கு எழுதப்படும் மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடியும் வகை ஒன்று இருக்கிறது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் நல்ல மருந்துதான். ஆனால் இது சாப்பிடுகிறவர்களுக்கு அபூர்வமாக, சுகர் அதிகம் ஏறாமலே கீட்டோன் ஏறிவிடும். சுகர் மெஷின் 180 காட்டும், ஆள் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். பட்டினி விரதம், ஆபரேஷன், வாந்திபேதி சமயங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். உங்கள் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால், சஷ்டி விரதம் இருப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பட்டையைப் பாதுகாப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்பு மேடை, ஃபிரிஜ் மேல், டி.வி. பக்கம் கூடாது. ஃபிரிஜ்ஜுக்குள்ளும் கூடாது, ஈரம் கோத்துவிடும். கத்திரி வெயிலில் இன்சுலினை மண்பானையில் வைக்கிறவர்கள், பட்டையையும் கூடவே வைத்துவிடாதீர்கள். எடுத்ததும் குப்பியை மூடுங்கள். குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் பார்த்தால் மாம்பழத்தின் சுகரைத்தான் காட்டும்! ஊசி குத்தும் பேனாவை ஒருவருக்கொருவர் மாற்றக் கூடாது. எங்கள் வீட்டில் மாமியாருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

பெண்களுக்கென்று இன்னொரு செய்தியும் உண்டு. ரத்தசோகை இருந்தால் மெஷின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அதனால் சுகர் ஏறி இருக்கிறதே என்று மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

விலையைப் பற்றி ஒரு நல்ல சேதி. 2025 செப்டம்பர் 22 முதல் மெஷினுக்கும் பட்டைக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குச் சுமார் 60 ரூபாய் குறைய வேண்டும். கடைக்காரர் குறைத்திருக்கிறாரா என்று பில்லைப் பாருங்கள். மக்கள் மருந்தகத்திலும் ஒரு தடவை விசாரியுங்கள். ஆன்லைனில் பாதி விலை என்று வந்தால், காலாவதி தேதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம், பட்டை விலைக்குப் பயந்து வீட்டில் முதலில் தன் பரிசோதனையை நிறுத்துவது பெண்கள்தான். என் மாமியாரே, "எனக்கு எதுக்கும்மா, குழந்தைக்கு வெச்சுக்கோ" என்று மூன்று மாதம் விரலை நீட்டவே இல்லை. இப்போது மாதம் பிறந்ததும் எட்டுப் பட்டை அவர் பெயருக்குத் தனி டப்பாவில் போட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு முன்னால் பேத்திதான் பாட்டிக்குக் குத்திவிடுகிறாள். போன வாரம் 142. "நேத்து போளி சாப்பிட்டேளா பாட்டி?" என்று அவள் கேட்க, பாட்டி வாயே திறக்கவில்லை.

- ஒரு வாசகி, கும்பகோணம்.