வர்த்தக ஒப்பந்தம், பருவநிலை இலக்கு: மாநிலங்களுக்கு இடம் எங்கே?

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: ஐரோப்பிய யூனியனுக்கு ஏற்றுமதியாகும் உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம் உள்ளிட்ட பொருள்களுக்கு, அவற்றின் உற்பத்தியின்போது வெளியான கரியமில வாயுவின் அளவுக்கேற்பக் கட்டணம் விதிக்கும் முறை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 27-ம் தேதி, இந்தியா - ஐரோப்பிய யூனியன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு நிறைவடைந்ததாகப் புது தில்லியில் அறிவிக்கப்பட்டது. 2007-ல் தொடங்கி, 2013-ல் முடங்கி, 2022-ல் மீண்டும் உயிர்பெற்ற பேச்சு அது. எனினும், கரியமிலக் கட்டணத்திலிருந்து இந்தியாவுக்கு விலக்கு கிடைக்கவில்லை.

சுங்க வரி குறைவதன் பயனும் கரியமிலக் கட்டணத்தின் சுமையும் நாடு முழுவதும் சமமாகப் பரவப் போவதில்லை. ஆயத்த ஆடை, தோல் பொருள்களை ஏற்றுமதி செய்யும் மாநிலங்களுக்கு முதலாவது நல்ல செய்தி. நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் நம்பியுள்ள ஒடிஸா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களுக்கு இரண்டாவது கவலை தரும் செய்தி. ஆனால், இவ்விரு பிரிவு மாநிலங்களுக்குமே பேச்சு மேசையில் முறையான இடம் எதுவும் இருந்ததில்லை என்பதே கவனிக்க வேண்டிய அம்சம்.

அரசியல் சட்டம் சொல்வது: அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள மத்தியப் பட்டியல், வெளிநாட்டு ஒப்பந்தங்களையும் (14-வது இனம்) வெளிநாட்டு வர்த்தகத்தையும் (41-வது இனம்) மத்திய அரசின் பொறுப்பில் விட்டிருக்கிறது. ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டுமெனில், மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது 253-வது பிரிவு. அதேசமயம், விவசாயம், நிலம், நீர் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. மின்சாரமும் காடுகளும் பொதுப் பட்டியலில் உள்ளன. வாக்குறுதி அளிப்பது ஓர் அரசு, நிறைவேற்ற வேண்டியது வேறோர் அரசு என்னும் நிலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாநிலங்கள் இருக்கட்டும், நாடாளுமன்றத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. குடிமக்களின் உரிமைகளைப் பாதிக்காத, நடப்புச் சட்டங்களை மாற்றாத ஒப்பந்தத்துக்குத் தனிச் சட்டம் தேவையில்லை என்று 1969-ல் மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 2010-ம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய ஒப்பந்தம் உறுதி செய்யப்படுவதற்கு முன் 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இங்கு அத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை. ஒரே ஒப்பந்தம், இரண்டு நாடாளுமன்றங்கள், இரண்டு விதமான மரியாதை!

கேரளம் கற்பித்த பாடம்: இப்பிரச்னை புதியதல்ல. 2009 ஆகஸ்ட் 13-ல் ஆசியான் நாடுகளுடன் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் பாங்காக்கில் கையெழுத்தானது. மிளகு மீதான வரியை 70 சதவீதத்திலிருந்து 50 ஆகவும், தேயிலை, காபி மீதான வரியை 100 சதவீதத்திலிருந்து 45 ஆகவும், கச்சா பாமாயில் மீதான வரியை 80 சதவீதத்திலிருந்து 37.5 ஆகவும் 2019-க்குள் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. ரப்பர் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மலைத்தோட்டப் பயிர்களை நம்பியிருந்த கேரளத்தில் அன்றைய முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான அரசு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-ல் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைக்கப்பட்டது. ஆனால், அதற்குள் கையெழுத்தின் மை காய்ந்துவிட்டது. 2010 ஜனவரி முதல் ஒப்பந்தம் அமலானது.

மாநிலங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர். மாநில நலன்களை வெகுவாகப் பாதிக்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவதற்கு முன், மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சிலுடன் ஆலோசிப்பது குறித்துப் பரிசீலிக்கலாம் என்று நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசியல் சட்டச் செயல்பாட்டு மறுஆய்வு ஆணையம் 2002-ல் பரிந்துரைத்தது. மாநிலப் பட்டியலைத் தொடும் ஒப்பந்தங்களில் மாநிலங்களுக்குக் கூடுதல் பங்களிக்க வேண்டும் என்று நீதிபதி பூஞ்சி ஆணையம் 2010-ல் கூறியது. ஆனால், 2006 டிசம்பரில் கூடிய அந்தக் கவுன்சில் அடுத்துக் கூடியது 2016 ஜூலையில்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை கூடும் மன்றத்தில் எந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச முடியும்?

உருக்கும் நிலக்கரியும்: கரியமிலக் கட்டண விவகாரம் கேரளத்தின் மிளகுப் பிரச்னையைவிடச் சிக்கலானது. இந்தியாவில் ஒரு டன் உருக்கு உற்பத்தியின்போது சராசரியாக ஏறத்தாழ 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது. உலக சராசரி 2 டன்னுக்கும் குறைவு. 2024 டிசம்பரில் மத்திய உருக்கு அமைச்சகம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, 2.2 டன்னுக்கும் குறைவான உமிழ்வு உள்ள உருக்கே 'பசுமை உருக்கு' எனப்படும். இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் நிலக்கரி. கடற்பாசி இரும்பு உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் இந்தியா, அதில் பெரும்பகுதியை நிலக்கரியைக் கொண்டே தயாரிக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கர், ஒடிஸாவின் சுந்தர்கர் போன்ற மாவட்டங்களில் உள்ள சிறிய, நடுத்தர ஆலைகள் ஒரே இரவில் எரிபொருளை மாற்றிக்கொள்ள இயலாது.

பெரிய ஆலைகளிடம் கணக்கு வைக்க ஆளும் முதலீடும் உண்டு. லூதியானாவில் திருகாணியும் மரையாணியும் செய்யும் சிறு தொழிலதிபரின் நிலை வேறு. அப்பொருள்களும் ஐரோப்பியப் பட்டியலில் அடங்கும். தான் வாங்கிய கம்பி எந்த ஆலையில், எத்தனை உமிழ்வில் தயாரானது என்ற சரிபார்க்கப்பட்ட கணக்கை அவர் தராவிட்டால், ஐரோப்பிய யூனியன் தானே நிர்ணயித்த கூடுதலான மதிப்பைக் கொண்டு கட்டணம் கணக்கிடப்படும். நேரடியாகச் செலுத்துபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர்தான் என்றாலும், அந்தச் சுமை விலைக் குறைப்பாக லூதியானாவுக்கே திரும்பும்.

உருக்கு, அலுமினியத்தைப் பொருத்தவரை தற்போது ஆலையின் நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. மின்சார உற்பத்தியால் ஏற்படும் உமிழ்வும் நாளை சேர்க்கப்பட்டால், நிலக்கரி மின்சாரத்தில் இயங்கும் ஒடிஸாவின் அலுமினிய ஆலைகள் பெரும் நெருக்கடிக்கு உள்ளாகும் என்பதில் ஐயமில்லை.

பணம் யாருக்கு?: ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே கரியமில வாயுவுக்கு விலை செலுத்தப்பட்டிருந்தால், அதைக் கழித்துக்கொள்ள ஐரோப்பிய விதி இடமளிக்கிறது. பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் பணத்தை இங்கேயே வசூலித்துக்கொள்ளலாமே என்ற வாதம் இதனால் வலுப்பெற்றுள்ளது. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-ல் கரியமில வரவு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய துறைகளின் ஆலைகளுக்கு முதல் கட்ட இலக்குகள் நிர்ணயிக்கப்பட்டன.

இது நாளை வரியாகவோ ஏல வருவாயாகவோ மாறினால் அந்தப் பணம் யாருக்கு? கடந்தகால அனுபவம் மாநிலங்களுக்கு நம்பிக்கை தருவதாக இல்லை. 2010-ல் டன்னுக்கு ரூ. 50 என அறிமுகமான நிலக்கரி மீதான மேல்வரி, 2016-ல் ரூ. 400 ஆக உயர்ந்தது. மேல்வரி வருவாயை மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் மத்திய அரசுக்கு இல்லை. 2017-ல் அது சரக்கு, சேவை வரி இழப்பீட்டு வரியோடு இணைந்தது. 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான சரக்கு, சேவை வரி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இந்தக் கடைசி மாற்றம் மாநிலங்கள் வாக்குரிமையுடன் அமர்ந்திருந்த மன்றத்தில் முடிவானது என்பது குறிப்பிடத்தக்கது.

இலக்கு தில்லியில், சுமை மாநிலங்களில்: 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். மின் உற்பத்தித் திறனில் 50 சதவீதம் புதைபடிவம் அல்லாத ஆதாரங்களிலிருந்து கிடைக்கச் செய்வது என்ற 2030-ம் ஆண்டு இலக்கு 2025 ஜூனிலேயே எட்டப்பட்டது. இது பாராட்டத்தக்க சாதனை. ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. பசுமை மின்சாரத்தை வாங்க வேண்டியவை கடனில் தத்தளிக்கும் மாநில மின் விநியோக நிறுவனங்கள். சூரிய மின் பூங்காவுக்கு நிலம் தர வேண்டியவையும் மாநிலங்களே. நிலக்கரி வருவாய் குறையும் நாளை எதிர்கொள்ள, 2022-ல் ஜார்க்கண்ட் அரசு தனிப் பணிக்குழு அமைத்தது. அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்பதே அங்கு எழும் முதல் கேள்வி.

பாமாயில் விவகாரம் மற்றோர் உதாரணம். 2021 ஆகஸ்டில் ரூ. 11,040 கோடியில் அறிவிக்கப்பட்ட எண்ணெய்ப் பனைத் திட்டத்தில் மாநிலங்களின் பங்கு ரூ. 2,196 கோடி. கன்று நட்டு முழுப் பலன் காணச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனால், கச்சா பாமாயில் மீதான அடிப்படைச் சுங்க வரி 2024 செப்டம்பரில் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்து, 2025 மே மாத இறுதியில் 10 சதவீதமாகக் குறைந்தது. நகர்ப்புறச் சமையலறைக்கு நிம்மதி தரும் அதே அறிவிக்கை, ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பனை நட்ட விவசாயியின் கணக்கைக் குலைக்கிறது. வடகிழக்கு மாநிலங்களிலோ, பனைத் தோட்டத்துக்காகக் காடு அழியுமோ என்ற பருவநிலைக் கவலையும் சேர்ந்துகொள்கிறது.

மத்திய அரசின் வாதம்: மத்திய அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பேரம் நடக்கும்போது தமது எல்லைக் கோட்டை எந்த நாடும் வெளிப்படுத்துவதில்லை. 28 மாநிலங்களிடமும் ஒப்புதல் பெற வேண்டுமெனில், எந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வராது என்ற அச்சம் பொருளற்றதன்று. பெல்ஜியத்தின் வலோனியா மாகாணம் 2016 அக்டோபரில் கனடா - ஐரோப்பிய யூனியன் ஒப்பந்தத்தையே சில நாள்கள் நிறுத்தி வைத்தது.

ஆனால், அதே ஒப்பந்தத்தில் கனடாவின் மாகாணங்கள் தொடக்கத்திலிருந்தே பேச்சில் பங்கேற்றன என்பதையும் மறக்கலாகாது. ஆலோசனை கேட்பது வேறு, தடுப்பதிகாரம் தருவது வேறு. பால் உற்பத்தியாளர்கள், விவசாயிகள் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்கு நடுவே 2019 நவம்பர் 4-ல் ஆர்செப் ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது. ஏழு ஆண்டுப் பேச்சுக்குப் பின் கடைசிப் படியில் திரும்பி வருவதைவிட, முதல் படியிலேயே கேட்டறிவது மேல் அல்லவா?

வழி என்ன?: மாநிலங்களுடன் கலந்துபேச 2015-ல் அமைக்கப்பட்ட வர்த்தக மேம்பாட்டு கவுன்சில், 2019-ல் வர்த்தக வாரியத்துடன் இணைக்கப்பட்டது. ஏற்றுமதியைப் பெருக்குங்கள் என்று மாநிலங்களிடம் சொல்வதற்கு அது பயன்படுகிறது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்பதற்கு அல்ல. அரசியல் சட்டத்தின் 263-வது பிரிவின் கீழ், மாநில அமைச்சர்களைக் கொண்ட நிலைக்குழு ஒன்றை அமைத்து, ரகசியக் காப்புடன் பேச்சின் போக்கைத் தெரிவிப்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் மாநிலவாரியான பாதிப்பு அறிக்கை தயாரித்து நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்கலாம். கரியமில வாயுவால் வருவாய் கிடைக்கும் நாளில், நிலக்கரி மாவட்டங்களுக்கு அதில் உறுதியான பங்கு உண்டு என்பதை இப்போதே சட்டத்தில் எழுதலாம்.

சரக்கு, சேவை வரி மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கும் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும் வாக்கு மதிப்பு உண்டு. வரி விதிக்கும் இறையாண்மையையே பகிர்ந்துகொள்ள முடிந்த நாட்டில், வர்த்தகப் பேச்சின் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்பது ஏற்கத்தக்க வாதமாகத் தோன்றவில்லை. 2027 ஜனவரியில் பிரிட்டனும் கரியமிலக் கட்டணத்தைத் தொடங்கத் திட்டமிட்டுள்ளது. அதற்குள்ளாவது ராய்கரின் உலைகளையும் லூதியானாவின் பட்டறைகளையும் நேரில் அறிந்தவர்களின் குரல் தில்லியில் கேட்கப்பட வேண்டும். 2009-ல் கேரளம் தெருவில் இறங்கிச் சொன்னதை, மற்ற மாநிலங்களும் தெருவில் இறங்கித்தான் சொல்ல வேண்டும் என்ற நிலை வரக்கூடாது.