எண்பதில் ஒரு டூர்

மிக் ஜாகர் 2019-ல் இதய வால்வுக்குச் சிகிச்சை செய்துகொண்டவர். 2024-ல் தன் 80-வது வயதில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்துக்காக ஏப்ரல் முதல் ஜூலை வரை அமெரிக்கா, கனடா என்று ஊர் ஊராய் மேடையில் ஓடினார். (நமக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது!) ஸ்பான்ஸர் யார் தெரியுமோ? ஐம்பது தாண்டியவர்களுக்கான ஏ.ஏ.ஆர்.பி. சங்கம்!

பி.காம். புத்தி, கணக்குத்தான் ஓடுகிறது. அந்தக் காலத்தில் ரிக்கார்டு விற்கக் கச்சேரி. இப்போது கச்சேரிக்கு டிக்கெட் விற்க ஆல்பம். 2005-க்குப் பிறகு 18 வருஷம் கழித்துப் புதுசாய்ப் பாட்டெழுதிப் போட்டும், மேடையில் அதிலிருந்து சிலதுதான். ஜனங்களுக்கு வேண்டியது 1965-ன் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்'. 2021-ல் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் இந்த ஆல்பத்தில் ரெண்டு பாட்டுக்கு வாசித்திருக்கிறார். என்னைக் கேட்டால், அந்த ரெண்டுக்கே காசு கொடுக்கலாம் சார்.