பரிணாமமும் கணனியும்

1964இல் மேற்குப் பேர்லினில் மாணவராயிருந்த இங்கோ ரெக்கன்பேர்க் என்பார், ஐந்து கீல்களில் மடங்கும் தகடொன்றைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தினார். கீல் ஒவ்வொன்றுக்கும் 51 நிலைகள்; ஆகவே வடிவங்கள் 34 கோடிக்கு மேல்! தற்செயலாய்ச் சிறிது மாற்றி, காற்றின் தடை குறைந்தால் மட்டும் அம்மாற்றத்தை ஏற்கும் பரிணாம முறையால், சில நூறு சோதனைகளிலேயே தட்டையான வடிவத்தை எய்தினார்.

இன்று விமான இறக்கையின் ஒரு வடிவத்தைக் கணனியில் நுணுகி ஆராயவே பல மணிநேரம் செல்லக்கூடும். ஆயிரம் வடிவங்களெனின்? (மின்கட்டணம் ஒருபுறமிருக்க.) ஆதலின், முன்னர்க் கண்ட விடைகளைக் கொண்டு எளிய மதிப்பீட்டுச் சூத்திரமொன்றை அமைத்து, புதிய வடிவங்களை முதலில் அதனாற் சலிக்கின்றனர், தேறியவையே முழுக் கணிப்புக்குச் செல்லும். ஆனால் சூத்திரம் பொய்யுரைக்கவுங் கூடும். தீய வடிவத்தைச் சிறந்ததெனக் காட்டிவிடும். இடையிடையே முழுக் கணிப்பால் அதனைத் திருத்தாதவர் அமைத்த இறக்கையை நம்பி நாம் விமானம் ஏறோம்.