‘போர்மட் அடி’ என்கிற கூட்டத்துக்கு

எங்கட சனத்துக்கு இரண்டு வைத்தியம்தான் தெரியும். ஆளுக்கு வருத்தமென்றால் பனடோல். கொம்பியூட்டருக்கு வருத்தமென்றால் போர்மட்.

போன மாசியில் என்னுடைய பழைய லப்டொப்பில் மெயில் புரோகிராம் படுத்துவிட்டது. திறந்தால் மூன்று விநாடி நிற்கும். பிறகு தானாக மூடிக்கொள்ளும். எந்தப் புரோகிராம் என்று கேட்காதீர்கள், இந்த வருத்தம் எல்லாவற்றுக்கும் வரும். லா சப்பலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கடிதக் கோப்பை நோட்பாட்டில் திறந்து பார்த்தான்.

"அண்ணை, உள்ளுக்க எல்லாம் குப்பை. வைரஸ் எழுத்து. போர்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுத் தாறன். நாப்பது யூரோ."

எட்டிப் பார்த்தேன். ஒரு கடிதத்தின் அடியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடந்தது. அடுத்த கடிதத்தின் அடியிலும் அதேதான். தம்பிக்கு அது வைரஸ். பாமினி எழுத்துருவில் அது "அம்மா".

யூனிகோட் எல்லோர் கைக்கும் வருமுன் நாங்கள் இப்படித்தான் எழுதினோம். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிட்ட எழுத்துரு அது. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் போர்வை விலகி ஆங்கில எழுத்துதான் தெரியும். அந்தக் காலத்தில் சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியில் ஒட்டினால் தமிழாக வந்துவிடும். அது குப்பையல்ல, எங்களுடைய பத்து வருடக் கடிதப் போக்குவரத்து.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு என் படிப்பு நின்றது. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டது. அடுத்த வருடம் பாரிஸுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கினேன். அம்மா திருநெல்வேலியில் ஒரு நெற் கபேயில் இருந்து சொல்லச் சொல்ல, அங்கே வேலைசெய்த பெடியன் பாமினியில் அடித்து அனுப்புவான். ஒரு கடிதத்தின் அடியில் அவனாக ஒரு வரி சேர்த்திருந்தான்: "அண்ணை, அம்மா அழுதவா. அதை எழுத வேண்டாம் எண்டு சொன்னவா."

2013ல் அம்மா போய்விட்டா. என்னுடைய அகதிப் பயணப் புத்தகத்தோடு இலங்கைக்குப் போக முடியாது. செத்தவீட்டுக்கும் போகவில்லை. எனக்கு மிஞ்சியது அந்தக் கோப்புதான். அதைத்தான் தம்பி நாற்பது யூரோவுக்கு அழித்துத் தருகிறேன் என்றான்.

நான் குசினிக்காரன். எங்களிடத்தில் இரவு குளிர்ப்பெட்டி நின்றுபோனால் முதல் வேலை மெக்கானிக்கைக் கூப்பிடுவதல்ல. மீனையும் இறைச்சியையும் வேறு பெட்டிக்கு மாற்றுவது. பெட்டியைப் பிறகு திருத்தலாம், தூக்கியும் எறியலாம். மீனோடு சேர்த்துப் பெட்டியை எறிகிறவனை எந்தக் குசினியிலும் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். கொம்பியூட்டர் கடையில் மட்டும் அவனுக்குப் பெயர் எக்ஸ்பேர்ட்.

லப்டொப்பைத் திருப்பி வாங்கினேன். அன்றிரவு றெஸ்ரோரன்ட் மூடி, ஒரு மணிக்கு அறைக்கு வந்து நானே இருந்தேன். நீங்களும் செய்யலாம் என்பதற்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மெயில் புரோகிராமைத் திறக்காமலே கடிதக் கோப்புறை முழுவதையும் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். விண்டோஸில் அது பெரும்பாலும் உங்கள் பெயரிலுள்ள கோப்புறைக்குள், ஆப்டேட்டா என்ற இடத்தில் மறைந்து கிடக்கும். மறைத்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். ஹார்ட் டிஸ்க்கே சாகக் கிடக்கிறதென்றால் இந்த வேலை இன்னும் அவசரம்.

இரண்டாவது, இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்தேன். புதிதாக வந்திறங்கும் ஒரு கெட்ட மெயிலே ஆளை விழுத்தக்கூடும். எனக்கு அப்படியும் மூடிக்கொண்டது.

மூன்றாவது, கூடச் சேர்த்த துணைச் செயலிகள் இல்லாமல் திறந்தேன். தண்டர்பேர்ட் என்றால் ஷிஃப்ட் விசையையும், அவுட்லுக் என்றால் கன்ட்ரோல் விசையையும் அழுத்திக்கொண்டு திறக்க வேண்டும். அதிலும் விழுந்தது. ஆக, பிழை கடிதப் பெட்டியில், அல்லது அதன் அட்டவணையில்.

இந்த இடத்தில்தான் போர்மட் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. தண்டர்பேர்ட் கடிதங்களை ஒரு கோப்பிலும், அவற்றின் அட்டவணையை எம்எஸ்எஃப் என்று முடியும் இன்னொரு கோப்பிலும் வைக்கிறது. அட்டவணை கெட்டால் அதை அகற்றிவிடலாம். கடிதங்களைப் பார்த்து அதுவே புதிதாக எழுதிக்கொள்ளும். பொப் முறையில் எடுத்தால் அவுட்லுக்கில் எல்லாம் பெரும்பாலும் ஒரே பிஎஸ்டி கோப்புக்குள். அதைத் திருத்த ஸ்கான்பிஎஸ்டி என்ற கருவி கூடவே வருகிறது. 2003க்கு முந்திய அவுட்லுக்குகளில் அந்தக் கோப்புக்கு 2 ஜிபிதான் எல்லை, அதற்கு மேல் போனால் சிக்கல்தான். இதில் எதற்கும் போர்மட் தேவையில்லை.

என்னுடையதில் கெட்டிருந்தது இன்பொக்ஸின் அட்டவணை. புரோகிராமை மூடிவிட்டு அதை வெளியே நகர்த்தினேன். கவனியுங்கள், அழிக்கவில்லை, நகர்த்தினேன். திரும்பத் திறந்தேன். கொஞ்ச நேரம் முக்கியது. பிறகு எல்லாம் வந்தது. அம்மா வந்தா, நெற் கபேப் பெடியன் வந்தான்.

"சேர்வரில இருக்கும்தானே" என்பார்கள். பொப் முறையில் மெயில் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. இறக்கியதும் சேர்வரில் அழித்துவிடுவதுதான் அதன் பழைய வழக்கம். இலவசக் கணக்கை நம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிப்போம் என்று கூகுள் 2023ல் அறிவித்து, அந்த வருட மார்கழியில் தொடங்கியது. செத்துப்போனவரின் கணக்கை யார் திறந்துகொண்டிருக்கப் போகிறார்கள்?

"பழசுகள் என்னத்துக்கு" என்கிறவர்களோடுதான் எனக்கு உண்மையான சண்டை. இதே ஆட்கள் பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றி மூன்று நாடு தாண்டிக் கொண்டுவந்தவர்கள். ஒரு மெயில் எப்போது, எந்தெந்தச் சேர்வர் வழியாக வந்தது என்பது அதன் தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கிறது. அச்செடுத்த தாளில் அது வராது. அகதி வழக்கில் எந்தக் கடிதம் எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? 1981ல் எங்கள் நூலகத்தை எரித்தவர்களை வருடா வருடம் திட்டுகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து, எங்கள் கடிதங்களை நாங்களே நாற்பது யூரோ கொடுத்து அழிப்பிக்கிறோம்.

போர்மட்டே கூடாதென்று நான் சொல்லவில்லை. விண்டோஸே நாறிப்போனால் அடிக்கத்தான் வேண்டும். பிரதி எடுத்த பிறகு அடியுங்கள். ஒரு பிரதியல்ல, இரண்டு. அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பிறகு ஒருநாள் அந்தத் தம்பியிடம் போனேன். திட்டவில்லை. அவன் குப்பை என்ற கடிதத்தை மாற்றித் தமிழில் காட்டினேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்பாவின்ர லப்டொப்பிலயும் இந்த எழுத்துத்தான் அண்ணை கிடந்தது. போன வருசம் நான்தான் போர்மட் அடிச்சனான்."

அவனுக்கு நான் என்ன சொல்ல? உங்களுக்குத்தான் சொல்லலாம். இதை வாசித்து முடித்ததும் அந்தப் பழைய லப்டொப்பை எடுத்து, முதலில் ஒரு பிரதி எடுங்கோ.