எண்பது சதவீதம் என்றால்…

ஆணுறையை எப்போதும் அணிபவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம் குறைகிறது என்கிறது மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று. இதைக் கேட்டதும், ‘அப்படியானால் நூறு தடவையில் இருபது தடவை தொற்றிவிடுமா?’ என்று பலர் பதறுகிறார்கள். கணக்கு அதுவல்ல. ஒருவருக்குத் தொற்று இருந்து துணைக்கு இல்லாத தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்துப் பெற்ற எண் அது. உறையே அணியாதவர்களில் 100 பேருக்குத் தொற்றுகிற காலத்தில், எப்போதும் அணிவதாகச் சொன்ன அதே அளவு கூட்டத்தில் சுமார் 20 பேருக்குத் தொற்றியது. ‘சொன்ன’ என்பதைக் கவனியுங்கள். படுக்கையறையில் நடந்ததை ஆய்வாளர் பார்க்கவா முடியும்?

ரப்பரைத் துளைத்துக்கொண்டு வைரஸ் வெளியேறிவிடும் என்பது வதந்தி. கிழியாத லேடெக்ஸ் உறையைத் தாண்டி எச்.ஐ.வி. போகாது. ஆட்டுக்குடலில் செய்யும் உறைதான் விதிவிலக்கு. அது நம் மருந்துக் கடைகளில் கிடைக்கிற சரக்கல்ல. கிழிவது, நழுவுவது, பாதியில் மாட்டுவது, ‘இன்று ஒருநாள்தானே’ என்று விட்டுவிடுவது — ஓட்டை பெரும்பாலும் இவற்றில்தான்.

ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே எண் பொருந்தாது. எச்.ஐ.வி., வெட்டை, கிளமிடியா ஆகியவை முக்கியமாக உடல் திரவங்களின் வழியே பரவுகின்றன. அந்த வழியை உறை நன்றாகவே அடைக்கிறது. சிபிலிஸ், ஹெர்பிஸ், எச்.பி.வி. மூன்றும் தோலோடு தோல் உரசினாலே போதும் என்கிற ரகம். புண் உறைக்குள் இருந்தால் பாதுகாப்பு. விதைப்பையிலோ தொடை இடுக்கிலோ இருந்தால் உறை என்ன செய்யும்? அதற்காகப் பயனே இல்லை என்று தூக்கி எறியவும் வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி மாணவிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு முறையும் துணைவர் உறை அணிந்த பெண்களுக்கு எச்.பி.வி. தொற்று சுமார் 70 சதவீதம் குறைவாக இருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. உறையோடு அதுவும் சேர வேண்டும்.

நம் ஊரில் குழப்பத்துக்கு வேறொரு வேரும் உண்டு. 1968இல் நிரோத் ஆணுறை வந்தது குடும்பக் கட்டுப்பாட்டுக்காக. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டது 1986இல்தான். உறை என்றால் குழந்தை வேண்டாதவர்களுக்கானது என்ற எண்ணம் அதற்குள் ஊறிவிட்டது. அதனால்தான் மனைவிக்குக் கருத்தடை அறுவை முடிந்த வீடுகளில், ‘இனி எதற்கு?’ என்கிறார்கள். அந்த அறுவை எந்தக் கிருமியையும் தடுப்பதில்லை.

கடைசியாக, தேங்காய் எண்ணெய். வழுவழுப்புக்கு வீட்டில் முதலில் கைக்கு எட்டுவது அதுதான்; அல்லது வாசலின். இரண்டுமே லேடெக்ஸை வெகு சீக்கிரம் பலவீனமாக்கும். நீரில் கரையும் ஜெல் என்று கேட்டால் மருந்துக் கடையில் தருவார்கள். கடைக்காரர் அதையும் செய்தித்தாளில் சுற்றித்தான் தருவார், பரவாயில்லை.