காரணம் அறிந்தவன் கை நடுங்காது

சென்ற கிழமை வகுப்பு முடிந்து வெளியேறும் வேளையில் மாணவன் ஒருவன் எம்மை அணுகி, “ஐயா, மோட்டார் வண்டி வழியிற் பழுதுபட்டால் ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். ஒற்றை இயந்திரமுள்ள சிறு விமானம் வானிற் பழுதுபட்டால் விமானி என்ன செய்வார்?” என்று வினவினான். நல்ல வினா. அதற்கு நாம் அளித்த விடையை இன்று அன்பர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இயந்திரம் நின்றதும் விமானம் கல்லைப்போல விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மூக்கைச் சற்றே தாழ்த்தி, உரிய வேகத்தைக் காத்துக்கொண்டால், சிறகடியாத பருந்துபோல அது சறுக்கி இறங்கும். ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தால் ஒரு மைலுக்கு மேலும் செல்லலாம். ஆகவே விமானியின் முதற் கடமை இயந்திரத்தோடு போராடுவதன்று. வேகத்தைக் காப்பதும், இறங்கத்தக்க வெளியொன்றைத் தெரிந்துகொள்வதுமேயாம். அதன் பின்னரே வைத்தியம் தொடங்கும்.

இயந்திரம் உயிர் வாழ மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. ஒரு தாங்கியிற் பெற்றோல் வற்றியிருப்பின் மற்றத் தாங்கியைத் திறந்துவிடலாம். தீப்பொறி தரும் மக்னீற்றோக்கள் இரண்டு. ஒவ்வோர் உருளைக்கும் பிளக்குகளும் இரண்டு. ஒரு மக்னீற்றோவை நிறுத்தி மற்றொன்றில் மாத்திரம் ஓடவிட்டுப் பார்த்தால், பிழை எதனிடத்தது என்பது வெளிப்பட்டுவிடும். இம்மூன்றனுள் காற்று வழியே வரும் நோய்தான் வஞ்சகமானது.

காபரேற்றரின் ஒடுங்கிய தொண்டையூடாகக் காற்று விரைந்து செல்லும்போது அதன் அமுக்கம் குறைகின்றது. அதனாற் காற்றுக் குளிர்கின்றது. அவ்விடத்திலேயே பெற்றோலும் ஆவியாகி வெப்பத்தைக் கவர்கின்றது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்நியாயம் பற்றியே. இவ்விரண்டும் சேர்ந்து காற்றின் வெப்பநிலையை 20 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேலும் தாழ்த்திவிட வல்லன. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அவ்வீரம் உள்ளே பனிக்கட்டியாய் உறைந்து மூச்சுக் குழலை அடைக்கும். வெளியே இளவெயில், உள்ளே பனிக்கட்டி! குளிர்நாட்டு நோயென்று இதனை ஒதுக்கிவிட முடியாது. 25 பாகை வெப்பமுள்ள ஈரக் காற்றிலும் இது தோன்றுவதுண்டு.

1927ஆம் ஆண்டு மே 10ஆந் திகதி சாள்ஸ் லிண்ட்பேர்க் என்னும் அமெரிக்க இளைஞர், 223 பரிவலுவுடைய ஒற்றை இயந்திரம் பூட்டிய தமது சிறு விமானத்திற் சான் டியாகோவிலிருந்து செயின்ற் லூயிஸ் நகருக்குத் தனியே புறப்பட்டார். இரவிலே, மலைகளின் மேலே, இயந்திரம் இருமி நடுங்கத் தொடங்கிற்று. விமானம் உயரத்தை இழந்தது. கீழே இருளும் மலையுமன்றி வேறில்லை. அவர் வட்டமிட்டவாறே அதனைப் பேணிப் பறந்தார். மெல்ல மெல்ல இயந்திரம் தேறியது. ஊரும் போய்ச் சேர்ந்தார்.

“பிழைத்தோம்” என்று அவர் அதனை மறந்துவிடவில்லை. தானாக வந்து தானாகத் தீர்ந்த நோயின் காரணம் யாதென ஆராய்ந்தார். உயரத்துக் குளிர்காற்றினாற் காபரேற்றரிற் பனி படிந்திருக்க வேண்டுமெனத் துணிந்து, நியூயோர்க் சேர்ந்ததும் உட்செல்லும் காற்றைச் சூடாக்கும் கருவியைப் பொருத்துவித்தார். அதன் பின்னரே மே 20, 21ஆந் திகதிகளில் அத்திலாந்திக் கடலை 33½ மணி நேரத்திற் கடந்து பரிசு நகரில் இறங்கினார். காரணம் காணாது கடல் மேற் சென்றிருந்தால், அங்கே வட்டமிட்டுக் காத்திருக்க அவருக்கு இடமேது?

காபரேற்றர் கொண்ட செஸ்னா 150 போன்ற சிறு விமானங்களிலும் இம்மருந்து உண்டு. ஒரு பிடியை இழுத்தால், புகைபோக்கியைச் சுற்றிச் சூடேறிய காற்று உள்ளே பாயும். இங்கேதான் விமானிக்கு உண்மையான சோதனை வருகின்றது. சூடான காற்று ஐதானது. அதனால் வலு குறையும். உருகிய பனி நீராய் உருளைகளுட் புகும். இயந்திரம் முன்னிலும் மோசமாகக் குலுங்கும். மருந்தே நோயை வளர்த்தது போலத் தோன்றும். அனுபவமில்லாதவர் அஞ்சிப் பிடியை மீண்டும் உள்ளே தள்ளிவிடுவார். பனி மறுபடியும் வளரும். இயந்திரம் முற்றாக நின்று குளிர்ந்துவிட்டாலோ, சூடான காற்றுக்கு எங்கே போவது? காலந் தாழ்த்தினால் மருந்தே இல்லாமற் போய்விடும்.

ஆகையால் நிமிடச் சுற்றுகளைக் காட்டும் முள் காரணமின்றிச் சிறிது சிறிதாகத் தாழும்போதே பிடியை முழுதாக இழுக்க வேண்டும். குலுக்கத்தைப் பொறுத்து, பனி உருகித் தீரும்வரை விடாது பிடிக்க வேண்டும். காபரேற்றர் இல்லாது பெற்றோலை நேரே பீச்சும் இயந்திரங்களில் இவ்வகைத் தொல்லை இல்லை. ஆயினும் காபரேற்றரோடு பறப்பன இன்றும் பலவுள. விபத்து நேர்ந்தபின் ஆய்வாளர் வந்து பார்க்கையில் பனி உருகி மறைந்திருக்கும். குற்றவாளி தடயம் வைத்துப் போவதில்லை.

இவ்வளவையுங் கேட்ட மாணவன், “அந்தக் குலுக்கத்தில் விமானிக்குப் பயமாயிராதா, ஐயா?” என்றான். பயம் இருக்கத்தான் செய்யும், தம்பி. ஆயினும் அது பனி உருகுவதன் குலுக்கம் என்று அவருக்குத் தெரியும். விதியை மாத்திரம் மனனஞ் செய்தவர் முதற் குலுக்கத்திலேயே அதனைக் கைவிடுவார். காரணத்தையுங் கற்றவர் இன்னுஞ் சிறிது பொறுப்பார். அந்தச் சிறிது நேரத்திலேதான் உயிர் இருக்கின்றது.