ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுமா?

கம்ப்யூட்டர் மெதுவானா எங்க ஆபீஸ்ல முதல் வைத்தியம், "அணைச்சுப் போடுங்க சார்". எனக்கு இதில் உடன்பாடு இல்லைங்க.

மெமரி லீக்னா, லாக்கரை எடுத்துட்டு, வேலை முடிஞ்சும் சாவியைத் திருப்பித் தராத கஸ்டமர் மாதிரி. சி மொழியில் சாவியை புரோகிராமே திருப்பித் தரணும். ஜாவாவில் கேட்பாரில்லாத லாக்கரைக் காலி பண்ண தனி ஆள் உண்டு. ஆனா ஏதோ ஒரு பழைய லிஸ்டில் பேர் இருந்தா அவரும் தொடமாட்டார். ஆக, மொழியை மாத்தினா மட்டும் போதாது.

2012 அக்டோபரில் அமேசான் கிளவுட் படுத்து, ரெட்டிட் போன்ற தளங்கள் முடங்கின. ஆரம்பம், தகவல் சேகரிக்கிற ஒரு புரோகிராமில் இருந்த லீக்தான்!

மாசம் பொறந்தா ஊருக்குப் பணம் அனுப்புறோம். அது நடுவழியில் நின்னா சுவிட்சைத் தட்டிட்டு சும்மா இருப்போமா? தினமும் கேஷ் டாலி பண்ற மாதிரி மெமரியையும் யாராவது டாலி பண்ணணும். ரீஸ்டார்ட் பண்ணினா வித்தியாசம் மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

நீங்க என்ன சொல்றீங்க?